ஒரு ஜாப் பாக்கி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டபோது, "வருங்காலத் தொழிற்சாலை பற்றிப் பேசுங்க சார், பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். வருங்காலத்தைப் பற்றிப் பேச என்னைவிடத் தெரிந்தவர்கள் இந்த ஹாலிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு ஸ்குரூவைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "சரிங்க சார், இருபது நிமிஷம்" என்றார்.

ஸ்குரூவுக்குப் போவதற்கு முன்னால் நம் ஒர்க்ஷாப்புக்குப் போக வேண்டும். 1976. முதலாம் ஆண்டு. ஃபிட்டிங் ஷாப். 50 மில்லிமீட்டர் சதுரத்தில், 6 மில்லிமீட்டர் கனத்தில், இரண்டு எம்.எஸ். துண்டு கொடுப்பார்கள். அரத்தால் ராவி, ஹேக்ஸாவால் அறுத்து, ஒன்றில் சதுரமாக ஒரு பள்ளம், மற்றதில் அதே அளவுக்கு ஒரு நாக்கு. இரண்டையும் சேர்த்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. இப்போது படிக்கிறவர்களும் இதே ஜாப்தான் செய்கிறீர்கள் என்று நேற்று பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த வைஸ்கள்கூட அதேதான் போலிருக்கிறது.

எனக்கு அது வரவில்லை. ராவினால் நடுவில் மேடு விழும், ஓரம் சரியும். உள்ளங்கையில் கொப்புளம். எங்கள் ஹாஸ்டல் அறையில் ஒருவன் இருந்தான். அவன் அப்பா ஊரில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். அவனுக்கு அரம் என்பது நமக்கு ஸ்பூன் மாதிரி. ஒரு மேட்டினி ஷோ, இரண்டு செட் பரோட்டா. இதுதான் பேரம். என் ஜாப்பையும் அவனே செய்து கொடுத்தான். நான் அதில் என் ரோல் நம்பரைக் குத்திக் கொண்டுபோய் வைத்தேன்.

இன்ஸ்ட்ரக்டர் ஐயா இரண்டு ஜாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாய்த்துப் பார்த்தார். பிறகு என்னை மட்டும் கூப்பிட்டார். "தம்பி, இது ரெண்டும் ஒரே கை. ராவின தடம் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு பாரு. இது நொட்டாங்கைக்காரன் ராவினது. நீ சோத்தாங்கை." நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சத்தம் போடவில்லை, பிரின்ஸிபாலிடம் போகவில்லை. "மார்க்கு போட்டாச்சு, இனிமே நோட்டுல அடிச்சுத் திருத்தப் போறதில்ல. ஆனா உன் ஜாப் பாக்கி. என்னைக்காவது கொண்டா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான்கு வருஷமும் காரிடாரில் அவர் எதிரே வந்தால் நான் வேறு படிக்கட்டில் இறங்கிப் போவேன்.

படித்து முடித்து, வேலை தேடி, கடைசியில் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் லாங்காஸ்டர் வட்டாரத்தில் போய்ச் சேர்ந்தேன். என் உத்தியோகமே தர ஆய்வு. டிராயிங்கில் இத்தனை மில்லிமீட்டர், கூடக் குறைய இவ்வளவு என்று போட்டிருக்கும். வந்த பாகம் அதற்குள் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் தள்ளு. அது எங்கே போய் எதோடு சேரப்போகிறது என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. முப்பது வருஷம் இதைச் செய்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். குறை சொல்லவில்லை.

2010 குளிர்காலம். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். மாட்டுப்பண்ணை வைத்திருந்து, விற்றுவிட்டு ஓய்வாக இருந்தவர். பள்ளிப் படிப்போடு சரி. ராத்திரி பத்து மணிக்கும் அவர் கேரேஜில் விளக்கு எரியும். கர்ர், கர்ர் என்று ஒரு சத்தம். முப்பத்துநாலு வருஷம் கழித்தும் எனக்கு அந்தச் சத்தம் தெரிந்தது. அரம். எட்டிப் பார்த்தேன். பழைய காலத்து மாதிரி ரைபிள் ஒன்றைக் கையாலேயே செய்துகொண்டிருந்தார்.

இந்த ரைபிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டாவைப் பின்னால் போடுகிற துப்பாக்கி இல்லை இது. குழலின் வாய் வழியாக மருந்தையும் ஈயக் குண்டையும் போட்டு, ஒரு கோலால் கெட்டிக்கிற வகை. நம் ஊர் நாட்டுத் துப்பாக்கிக்கு இது ஒருவகையில் பெரியப்பா மகன். 1700-களின் முற்பாதியில் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து பக்கமிருந்து பென்சில்வேனியாவில் குடியேறினவர்கள் தங்கள் ஊர் வேட்டைத் துப்பாக்கியைக் கொண்டு வந்தார்கள். அது குட்டையானது, தடித்த குழல். புது நாட்டில் அது மெல்ல மெல்ல நீண்டு ஒல்லியானது. குழல் மட்டும் 42 அங்குலம், சில இன்னும் நீளம். கட்டைக்கு மேப்பிள் மரம், அதிலும் புலிவரி போட்ட மாதிரி கோடு விழுந்த மேப்பிள். லாங்காஸ்டர் அதற்குப் பேர் போன ஊர். அங்கே லேண்டிஸ் வேலி அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். அழகுதான். ஆனால் அந்த மண்ணின் பூர்வகுடிகளை விரட்டியதில் இந்தத் துப்பாக்கிக்கும் பங்கு உண்டு. அதை மறந்துவிட்டு அழகை மட்டும் பேச எனக்கு மனசில்லை.

என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "வீட்ல துப்பாக்கியா? உங்களுக்கென்ன வயசுல புத்தி இப்படிப் போகுது?" நான் இன்றுவரை காகித இலக்கைத் தவிர எதையும் சுட்டதில்லை. அதுவும் பத்துத் தடவை இருக்கும். எனக்குப் பிடித்தது சுடுவதில்லை. அந்தச் சின்னச் சின்ன உலோகப் பாகங்கள்.

தம்பிகளுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது மட்டுமல்ல, அதன் பாகங்களைச் செய்வதும் குற்றம். பழைய காலத்து வகை என்று சொல்லித் தப்ப முடியாது. நான் செய்தது அங்கே, அந்த ஊர்ச் சட்டத்துக்கு உட்பட்டு. அதனால்தான் ஒரு பாகத்தைக்கூட நான் இங்கே கொண்டு வரவில்லை. கையை வீசிக்கொண்டு வந்து வாயால்தான் காட்டுகிறேன்.

துப்பாக்கியின் பக்கவாட்டில் ஒரு இயந்திரம் இருக்கும். ஆங்கிலத்தில் லாக் என்பார்கள். வெளியே பார்த்தால் வளைந்த கழுத்தோடு ஒரு குதிரை. நம் ஊரிலும் அதற்குக் குதிரை என்றுதான் பெயர். அதன் வாயில் சிக்கிமுக்கிக் கல். எதிரே நிமிர்ந்து நிற்கும் ஒரு எஃகுத் தகடு, அதற்கு ஃப்ரிஸன் என்று பெயர். கீழே மருந்து வைக்கும் சின்னக் கிண்ணி. உள்பக்கம் திருப்பினால் ஒரு பெரிய வில், அது இழுக்கும் டம்ளர் (காபி டம்ளர் இல்லை, அச்சோடு சேர்ந்த ஒரு வட்டு), அந்த டம்ளரின் வெட்டில் பிடித்து நிற்கும் ஒரு கொக்கி. விசையை இழுத்தால் கொக்கி விலகும், வில் டம்ளரைச் சுழற்றும், குதிரை பாயும், கல் எஃகைச் சுரண்டும். சுரண்டின எஃகுத் துகள் காற்றில் எரிந்துகொண்டே கிண்ணியில் விழும். கல்லிலிருந்து நெருப்பு வருகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எரிவது எஃகு. கல் வெறும் உளி.

பெரியவர் எனக்குக் கொடுத்த முதல் வேலை இதில் எதுவும் இல்லை. ஒரு பித்தளைத் தகடு. லாக்குக்கு எதிர்ப்பக்கம் கட்டையில் பதிக்கிற தகடு அது. ஓரத்தை ராவி வளைவு கொண்டுவர வேண்டும். ஒரு வாரம் ஆனது. அடுத்தது கெட்டிக்கும் கோலைத் தாங்குகிற சின்னக் குழாய்கள். பித்தளைத் தகட்டை வெட்டி, ஒரு இரும்புக் கம்பியைச் சுற்றி வளைத்துத் தட்டி, விளிம்பை மடக்கிச் செய்வது. தட்டத் தட்டப் பித்தளை விறைத்துக்கொண்டு வெடிக்கும். நடுநடுவே சூடு காட்டி இளக்க வேண்டும். இதெல்லாம் நம் பாத்திரக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகுதான் ஸ்குரூ.

தம்பிகளே, ஸ்குரூ என்றால் நீங்கள் கடையில் போய் எம்.6 என்று கேட்பீர்கள். 1841-ல் இங்கிலாந்தில் விட்வொர்த், 1864-ல் அமெரிக்காவில் செல்லர்ஸ், இவர்கள் புரிகளுக்கு ஒரு பொது அளவு முன்வைத்த பிறகு வந்த சௌகரியம் அது. அதற்கு முன்னால் ஒவ்வொரு பட்டறைக்கும் சொந்தமாக ஒரு புரிவெட்டும் தகடு. ஒரு பட்டறை ஸ்குரூ இன்னொரு பட்டறை ஓட்டையில் ஏறாது. ஒரே துப்பாக்கியில்கூட இந்த ஓட்டை ஸ்குரூ அந்த ஓட்டைக்குப் போகும் என்று உத்தரவாதம் கிடையாது.

இரும்புக் கம்பியைக் கைவைஸில் பிடித்து, ஒரு மரக்கட்டையில் வெட்டின பள்ளத்தில் வைத்து, ஒரு கை உருட்ட ஒரு கை ராவ, உருளையாகக் கொண்டுவர வேண்டும். தலையைத் தனியாக விட்டு, தண்டைப் புரித்தகட்டில் கொடுத்துத் திருக வேண்டும். பிறகு மெல்லிய ரம்பத்தால் தலையில் ஒரு கீற்று. இதோடு முடிந்ததா? முறுக்கி நிறுத்தினால் கீற்று கோணலாக நிற்கும். சிலர் அதைக் குழலின் நீளவாக்கில் நேராக நிற்க வைப்பார்கள். அதற்கு, தலையின் அடிப்பக்கத்தை ஒரு நூல் ராவி, மறுபடி முறுக்கிப் பார்த்து, மறுபடி கழற்றி, மறுபடி ராவி... கொஞ்சம் கூடிவிட்டால் கீற்று நேர்கோட்டைத் தாண்டிப் போய்விடும். திரும்ப முதலிலிருந்து. என் முதல் ஸ்குரூவுக்கு மூன்று மணி நேரம். அப்புறமும் தலை கொஞ்சம் முட்டை வடிவம்.

அளவு எவ்வளவு என்று பெரியவரிடம் கேட்டேன். உத்தியோகப் பழக்கம், சட்டைப் பையில் வெர்னியர். அவர் என்னைப் பார்த்துவிட்டு ஓட்டையைக் காட்டினார். அதுதான் அளவு என்றார். முப்பது வருஷம் எண்ணுக்குப் பொருத்திக்கொண்டிருந்தவனுக்கு, ஒரு பாகத்தை அதன் ஜோடிக்குப் பொருத்து என்றால் கை நடுங்குகிறது. ஜோடியின் மேல் விளக்குக் கரியைத் தடவி, இதைச் சேர்த்து எடுத்தால், இடிக்கிற இடத்தில் மட்டும் கறுப்பு ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் ராவு. மறுபடி கரி, மறுபடி ராவு. ஐம்பது தடவை.

வில்லுக்கு வருகிறேன். இதில்தான் என் மானம் போனது. கார்பன் எஃகுப் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, ஆங்கில வி எழுத்து மாதிரி மடக்க வேண்டும். ஒரே மடிப்பு. இரண்டாம் தடவை நிமிர்த்தினால் மடிப்பில் நரம்பு விழுந்துவிடும். வடிவத்துக்கு ராவி, மறுபடி காய்ச்சி எண்ணெயில் தோய்ச்சல் போட வேண்டும். சரியான சூடு எது? காந்தம் ஒட்டுவது எந்த நிமிஷம் நிற்கிறதோ, அதற்கு ஒரு படி மேலே. ஏறக்குறைய 770 டிகிரி சென்டிகிரேடில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும் என்று நாம் பிஸிக்ஸில் படித்ததுதான். தோய்ச்சல் போட்டதும் அது கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தால் உடையும். அதனால் மறுபடி மிதமாகச் சூடு காட்டி முறுக்கைத் தணிக்க வேண்டும். மெருகு போட்ட எஃகு வைக்கோல் நிறமாகும், ஊதாவாகும், பிறகு நீலம். நீலத்தில் எடு. சிலர் உருக்கின ஈயத்தில் வைத்து எடுப்பார்கள். ஈயம் உருகுவது 327 டிகிரியில். அதில் ஒரு வேடிக்கை, எஃகு ஈயத்தில் மிதக்கும், குறட்டால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. ஈயப் புகை நல்லதில்லை.

நான் செய்த முதல் வில் உடைந்தது. இரண்டாவது உடைந்தது. மூன்றாவது லாக்கில் மாட்டி, குதிரையை ஏற்றும்போது டப்பென்று தெறித்தது. நாலாவது ஒரு வாரம் இருந்து, யாரும் தொடாமலே ராத்திரி மேஜை மேல் உடைந்து கிடந்தது. சூடு தப்பு, எண்ணெய் தப்பு, எஃகே தப்பு என்று நான் ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதி வைத்திருந்தேன். பெரியவர் உடைந்த துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சாய்த்துப் பார்த்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே சாய்ப்பு, அதே ஜன்னல்!

"நீ குறுக்கே ராவியிருக்கிறாய்" என்றார். வில்லின் குறுக்கே விழுந்த அரத் தடம் ஒவ்வொன்றும் ஒரு வெடிப்பின் ஆரம்பம். தடம் எல்லாம் நீளவாக்கில் இருக்க வேண்டும், அதையும் தேய்த்து மெருகாக்க வேண்டும், பிறகுதான் தோய்ச்சல்.

நண்பர்களே, இது ஸ்ட்ரெஸ் கான்ஸன்ட்ரேஷன். மூன்றாம் ஆண்டில் நான் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கின பாடம். இந்த மேடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பேராசிரியர்தான் நடத்தினார். அதை ஒரு மாட்டுப்பண்ணைக்காரர் உடைந்த இரும்பைக் காட்டிச் சொல்லும்வரை எனக்குப் புரிந்திருக்கவில்லை. ஐந்தாவது வில் நின்றது. இன்னும் நிற்கிறது.

ஃப்ரிஸனைப் பற்றி இரண்டு வார்த்தை. சாதா இரும்பில் செய்தால் பொறி வராது. எலும்புக் கரியோடு ஒரு இரும்புப் பெட்டியில் அடைத்து, மணிக்கணக்கில் சிவக்க வைத்தால் மேல்தோலில் மட்டும் கரி ஏறும். சட்டென்று தண்ணீரில் போட்டால் மேலே கடினம், உள்ளே இளக்கம். நம் பாடத்தில் கேஸ் ஹார்டனிங். நல்ல ஃப்ரிஸனில் பொறி விழும்போது ஒரு சிறு சீறல் கேட்கும்.

இனி, என் தொழிலின் பூர்வகதை. இதையும் அந்த கேரேஜில்தான் தேடிப் படித்தேன். 1785-ல் பாரிஸில் ஒனோரே பிளாங்க் என்ற துப்பாக்கித் தொழிலாளி, ஐம்பது லாக்குகளைப் பிரித்துப் பாகங்களைத் தனித்தனி அறைகளில் போட்டு வைத்துக் காட்டினார். அப்போது அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன், கைக்கு வந்த பாகத்தை எடுத்துத் தானே சில லாக்குகளைச் சேர்த்துப் பார்த்தார், சேர்ந்தன. அசந்துபோய் ஊருக்குக் கடிதம் எழுதினார். 1798-ல் எலி விட்னி இரண்டே வருஷத்தில் பத்தாயிரம் துப்பாக்கி தருகிறேன் என்று அரசாங்கத்திடம் ஒப்பந்தம் போட்டார். கடைசித் தவணை போய்ச் சேர்ந்தது 1809-ல். மாற்றிப் போடக்கூடிய பாகம் என்று நம் பாடப் புத்தகங்கள் இவரைத்தான் புகழும். ஆனால் மிச்சமிருக்கிற அவர் துப்பாக்கிகளைப் பிற்காலத்தில் பிரித்துப் பார்த்தவர்கள், பாகங்கள் ஒன்றுக்கொன்று சேரவில்லை, ராவிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று கண்டார்கள். உண்மையில் அதைச் சாதித்தவர்களில் முக்கியமானவர் ஜான் ஹால், 1820-களில், ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்ற ஊரில். ஏகப்பட்ட கேஜ்கள் செய்து வைத்து. நான் முப்பது வருஷம் கையில் வைத்திருந்த கேஜுக்கு அதுதான் பாட்டன் வீடு. விட்னி செய்ததைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு சதுர ஜாயிண்ட் ஞாபகம் வந்தது.

இன்றைக்கு இந்த ரைபிள் செய்கிறவர்களில் பெரும்பாலோர் வார்ப்புப் பாகங்களை வாங்கி, ராவி முடித்துக்கொள்கிறார்கள். அதில் தப்பில்லை. அந்தக் காலத்துக் கைவினைஞர்களே பல பேர் லாக்கை ஐரோப்பாவிலிருந்து வந்ததாக வாங்கித்தான் மாட்டினார்கள். ஆனால் முழுக்கக் கையால் செய்ய முடியுமா என்று கேட்டவர்களுக்கு, வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியக நகரத்தில் வாலஸ் கஸ்லர் என்பவர் செய்து காட்டினார். குழல் முதல் ஸ்குரூ வரை. 1969-ல் அதைப் படமாகவும் எடுத்தார்கள். தட்டை இரும்புப் பட்டையைச் சுருட்டி, உலையில் காய்ச்சி அடித்து, குழலாக ஒட்ட வைப்பதைப் பார்த்தால் நம் கொல்லர்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள்.

நேற்று ஒர்க்ஷாப்பில் ஒரு தங்கை கேட்டது: "சார், இதையெல்லாம் சி.என்.சி.யில அரை மணியில பண்ணிடலாமே?" பண்ணலாம்மா. என்னைவிட நன்றாகவும் இருக்கும். நான் அதை மறுக்கவில்லை. நான் வேலை பார்த்ததே அப்படிப்பட்ட இடத்தில்தான்.

இன்ஸ்ட்ரக்டர் ஐயா இப்போது இல்லை. 1990-களிலேயே காலமாகிவிட்டார் என்று தாமதமாகத்தான் எனக்குத் தெரிந்தது. என் ஜாப்பை ராவிக் கொடுத்தவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பெயரைச் சொல்லாதே என்று காலையிலிருந்து மிரட்டுகிறான். சொல்லவில்லை. நொட்டாங்கையால் காபி குடித்துக்கொண்டிருப்பவனைத் தேடாதீர்கள்.

துப்பாக்கிப் பாகம் எதுவும் கொண்டு வரவில்லை என்றேன். வேறொன்று கொண்டு வந்திருக்கிறேன். இரண்டு எம்.எஸ். துண்டு, 50 மில்லிமீட்டர் சதுரம், 6 மில்லிமீட்டர் கனம். ஒன்றில் பள்ளம், ஒன்றில் நாக்கு. பதினொரு சாயங்காலம் ஆனது. ஏர்போர்ட்டில் இரண்டு இடத்தில் பையைத் திறக்கச் சொல்லி, இது என்ன என்று கேட்டார்கள். ஹோம்வொர்க் என்றேன்.

காலையில் ஒர்க்ஷாப் போர்மேனிடம் ஒப்படைத்துவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இடது மூலையில் மயிரிழை அளவு வெளிச்சம் தெரிகிறது. எனக்கும் தெரியும். தடம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதே பழைய ரோல் நம்பரைத்தான் குத்தியிருக்கிறேன்.